வெள்ளோட்டத்தில் வடம் பிடிப்பவர்கள்

(ஆனையூரில் நூலக வாசகர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் மென்பொருள் சோதனைத் துறையில் வேலை பார்ப்பவன். ஒரு மென்பொருள் மக்கள் கைக்குப் போவதற்கு முன்பு அதில் எங்கே பிழை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பது என் தொழில். இதே வேலையைச் சம்பளமும் பெயரும் இல்லாமல் நம் தெருப் பிள்ளைகள் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆன்லைன் கேம்களின் டெஸ்ட் சர்வரில் அது நடக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடுகிறவர்களுக்கு ‘அட்வான்ஸ் சர்வர்’ பழக்கமான பெயர். சிங்கப்பூரின் கரீனா நிறுவனம் புது அப்டேட் ஒன்றை எல்லோருக்கும் தருவதற்குச் சில நாள் முன்னால், அதைத் தனி ஆப்பாக, தனி சர்வரில் திறந்து வைக்கும். விண்ணப்பம் போட்டவர்களில் கொஞ்சம் பேருக்கு மட்டும் நுழைவுக் குறியீடு கிடைக்கும். புதுத் துப்பாக்கி, புது கேரக்டர், மாற்றிய வரைபடம் எல்லாவற்றையும் அவர்கள் முதலில் ஆடிப் பார்ப்பார்கள். ‘பக்’ எனப்படும் பிழையைக் கண்டுபிடித்து எழுதி அனுப்பினால், விளையாட்டுக்குள் செலவிடும் ‘வைரம்’ பரிசு. அங்கே ஆடிச் சேர்த்தது எதுவும் சொந்த ஐடிக்கு வராது. சோதனை நாட்கள் முடிந்ததும் சர்வரை மூடிவிடுவார்கள்.

பெரிய விளையாட்டுகள் பலவற்றுக்கு இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்குப் பொதுச் சோதனை சர்வர், லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கு பி.பி.இ., ஐஸ்லாந்தில் பிறந்த ஈவ் ஆன்லைனுக்கு சிங்குலாரிட்டி, மைன்கிராஃப்டுக்கு 2011 முதல் ஸ்னாப்ஷாட்.

நிறுவனத்துக்குள்ளேயே சம்பளம் வாங்கும் சோதனையாளர்கள் இருக்கும்போது வெளியாள் எதற்கு? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 பேர் கொண்ட குழு நாளைக்கு 8 மணி நேரம் வீதம் 30 நாள் இடைவிடாமல் ஆடினால் மொத்தம் 12,000 மணி நேரம். அப்டேட் வெளியானதும் 1 லட்சம் பேர் ஒரே சமயத்தில் உள்ளே வந்தால், அந்த 12,000 மணி நேரத்தை எட்டு நிமிடத்துக்குள் தாண்டிவிடுவார்கள். குழு ஒரு மாதத்தில் தொடாத மூலை முடுக்கெல்லாம் அந்த எட்டு நிமிடத்தில் யாராவது ஒருவர் காலில் பட்டுவிடும்.

புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன் வெள்ளோட்டம் விடுகிறோம். ஸ்தபதியின் கணக்கில் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் வீதி முனையில் தேரைத் திருப்பும்போது எந்தச் சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கிறது என்பது முட்டுக்கட்டை போடுகிறவருக்கும் வடம் பிடிக்கிறவருக்கும்தான் முதலில் தெரியும். தெரிந்ததை ஸ்தபதியிடம் சொல்ல வேண்டும். ஸ்தபதியும் காது கொடுக்க வேண்டும். டெஸ்ட் சர்வரைப் பற்றி நான் சொல்லப்போவதெல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான் இருக்கும்.

பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1997-ல் அமெரிக்காவின் ஒரிஜின் சிஸ்டம்ஸ் நிறுவனம் ‘அல்டிமா ஆன்லைன்’ என்ற விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்துக்குள் வாழ்வது போன்ற விளையாட்டு அன்றைக்குப் புதிது. இதை யார் ஆடப் போகிறார்கள் என்ற ஐயம் அந்த நிறுவனத்தை நடத்தியவர்களுக்கே இருந்தது. சோதனைக்கு ஆள் வேண்டும், குறுந்தகட்டை அனுப்பும் செலவுக்குச் சிறு தொகை கட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள். ஏறத்தாழ 50,000 பேர் காசு கட்டிப் பெயர் கொடுத்தார்கள். ஆன்லைன் விளையாட்டுக்கு இவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள் என்பது அந்தச் சோதனையின் வழியாகத்தான் அவர்களுக்கே தெரிந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், சர்வர் எவ்வளவு கூட்டம் தாங்கும் என்று பார்க்க எல்லோரையும் ஒரே நேரத்தில் உள்ளே வரச் சொன்னார்கள். விளையாட்டை வடிவமைத்த ரிச்சர்ட் கேரியட், ‘லார்டு பிரிட்டிஷ்’ என்ற அரசர் வேடத்தில் மக்கள் முன் தோன்றினார். அந்த அரசருக்குச் சாவு வராதபடி ஓர் அமைப்பு உண்டு. சர்வர் ஒருமுறை விழுந்து எழுந்திருந்தது. திரும்ப வந்தபோது அந்த அமைப்பை மறுபடி போட்டுக்கொள்ள அவர் மறந்துவிட்டார். கூட்டத்தில் நின்ற ரெய்ன்ஸ் என்ற பெயருடைய ஆட்டக்காரர் நெருப்பு மந்திரச் சுருள் ஒன்றை அரசர் மேல் வீசினார். அரசர் செத்து விழுந்தார். ஆன்லைன் விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் யாரும் இந்த நிகழ்ச்சியை விடுவதில்லை.

பலரும் இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு முக்கியம் அடுத்து நடந்தது. ரெய்ன்ஸைச் சோதனையிலிருந்து விலக்கினார்கள். அரசரைக் கொன்றதற்காக விலக்கவில்லை, ஏற்கெனவே அவர் பிழைகளைக் கண்டுபிடித்துத் தெரிவிக்காமல் தன் லாபத்துக்குப் பயன்படுத்தி வந்தார் என்ற புகார்களுக்காக விலக்கினோம் என்று நிறுவனம் சொன்னது. இந்தத் தண்டனை நியாயமா என்று இன்றும் பேசுகிறார்கள். ஆனால் கண்ட பிழையைத் தெரிவிப்பதற்கும் தன் லாபத்துக்குப் பயன்படுத்துவதற்கும் உள்ள வேறுபாடு உண்மையானது. சுவருக்குள் புகுந்து ஒளிந்து சுட வழி இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற பையன் கெட்டிக்காரன். அதை வைத்து ரேங்க் புஷ் பண்ணுவதும் அவன் கையில் இருக்கிறது, எழுதி அனுப்புவதும் அவன் கையில் இருக்கிறது. இரண்டுக்கும் வேண்டிய கூர்மை ஒன்றே. அந்தக் கூர்மை நம் பிள்ளைகளிடம் நிறையவே இருக்கிறது. கண்டதை எழுதி அனுப்பினால் அதற்கு மதிப்பு உண்டு என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

அல்டிமாவில் இன்னொன்றும் நடந்தது. அந்த உலகத்தில் ஆடு மாடுகள் புல் மேயும், ஓநாய் ஆட்டைத் தேடி வரும் என்று இயற்கையைப் போலவே ஒரு சங்கிலியைப் பெரும் பாடுபட்டுக் கட்டியிருந்தார்கள். ஆட்டக்காரர்கள் உள்ளே வந்ததும் கண்ணில் பட்ட உயிரையெல்லாம் கொன்று குவித்தார்கள். ஆடு பெருகவும் நேரமில்லை, ஓநாய் அதைத் தேடவும் நேரமில்லை. இப்படி ஒரு சங்கிலி இருந்ததையே பெரும்பாலோர் கவனிக்கவில்லை. கடைசியில் அதை எடுத்துவிட்டார்கள். வடிவமைப்பாளர் எவ்வளவு பெரிய அறிவாளியாக இருந்தாலும், மனிதர்கள் கூட்டமாக வந்தால் என்ன செய்வார்கள் என்பது மனிதர்கள் வந்த பிறகுதான் தெரியும்.

டெஸ்ட் சர்வர் இருந்துவிட்டால் எல்லாப் பிழையும் பிடிபட்டுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஈவ் ஆன்லைன்காரர்கள் சோதனையை மிகுந்த அக்கறையோடு நடத்துகிறவர்கள். அவர்களுடைய சிங்குலாரிட்டி சர்வரில் எல்லோரும் ஆடும் உண்மைச் சர்வரின் நகலையே வைத்திருப்பார்கள். உண்மைச் சர்வரில் மாதக்கணக்கில் உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய விண்கலத்தை அங்கே பெயரளவு விலைக்கு வாங்கிவிடலாம். குறிப்பிட்ட நாளில் நூற்றுக்கணக்கான பேரைக் கூட்டி ஒரே இடத்தில் சண்டை போடச் சொல்லிச் சர்வரின் தாங்கும் திறனைப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட நிறுவனம் 2007 டிசம்பரில் ‘டிரினிட்டி’ என்ற பெரிய அப்டேட்டை வெளியிட்டது. விளையாட்டின் கோப்புறைக்குள் boot.ini என்று பெயர் வைத்த ஒரு கோப்பு இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி கணினி எழுந்திருக்கப் பயன்படும் கோப்புக்கும் அதே பெயர். அப்டேட்டை நிறுவும் கட்டளையில் பாதை தவறிப்போய், தன் கோப்பை அழிப்பதற்குப் பதிலாகக் கணினியின் கோப்பை அழித்தது. சிலருடைய கணினி மறுநாள் எழுந்திருக்கவே இல்லை. விளையாட்டுக்குள் நடப்பதை மட்டும் பார்க்கிற சோதனை ஆயிரம் நாள் நடந்தாலும் இது அகப்படாது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2005 செப்டம்பரில் நடந்ததை மருத்துவ ஆய்வாளர்கள்கூடப் படித்தார்கள். ஹக்கார் என்ற பெரிய எதிரி, தன்னோடு மோதுகிறவர்களுக்குத் தொற்றும் ஒரு நோயைத் தருவான். அது அவன் இருக்கும் பகுதிக்குள் மட்டும் இருக்க வேண்டிய நோய். ஆனால் ஆட்டக்காரர்கள் வளர்க்கும் மிருகங்களுக்கும் அது தொற்றியது. மிருகத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு, பிறகு நகரத்துக்குள் வந்து அழைத்தால், நோயும் கூடவே வந்து இறங்கியது. நகரங்கள் பிணக்காடாயின. பயந்து ஓடியவர்கள் உண்டு, உதவி செய்ய வந்தவர்கள் உண்டு, வேண்டுமென்றே பரப்பியவர்களும் உண்டு. எரிக் லாஃப்கிரென், நீனா ஃபெஃபர்மேன் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார்கள். சோதனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஊன்றி ஆடும் கெட்டிக்காரர்கள். எதிரியைக் கொல்ல முடிகிறதா என்று பார்ப்பார்கள். நோயோடு சந்தைக்குள் போய் நிற்கிறவன் உண்மைச் சர்வரில்தான் வருவான்.

இதனால்தான் யார் சோதிக்கிறார்கள் என்பது, எத்தனை பேர் சோதிக்கிறார்கள் என்பதைவிடப் பெரிய கேள்வி ஆகிறது. இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு தென் கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் இந்தியாவுக்கென்று பி.ஜி.எம்.ஐ. விளையாட்டைக் கொண்டுவந்தது. 2021 ஜூன் 17 அன்று ‘முன்கூட்டிய அணுகல்’ என்று சோதனைப் பதிப்பைத் திறந்தார்கள். அனுமதிக்கப்பட்ட இடங்கள் சீக்கிரமே நிரம்பிவிட்டன. பிறகு இடங்களைக் கூட்ட வேண்டியதாயிற்று. ஜூலை 2 அன்று முழு வெளியீடு. சோதனையில் ஆடியதும் வாங்கியதும் முழுப் பதிப்பிலும் இருக்கும் என்று சொன்னதால், பிள்ளைகள் அதைச் சோதனையாகவே நினைக்கவில்லை. மற்றவர்களுக்கு முன்னால் ஆடக் கிடைத்த அதிர்ஷ்டமாக நினைத்தார்கள். 2022 ஜூலையில் அதுவும் செயலிக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 2023 மே மாதம் மத்திய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர், சர்வர் இருக்கும் இடம், தரவுப் பாதுகாப்பு ஆகியவற்றில் நிறுவனம் விதிகளுக்கு உட்பட்டதால் 3 மாதச் சோதனை அனுமதி தருகிறோம், அடிமையாவது போன்ற தீங்குகளைக் கவனித்து இறுதி முடிவு எடுப்போம் என்று அறிவித்தார். திரும்பி வந்தபோது 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாளைக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்ற வரம்பும் வந்தது. அந்த 3 மாதமும் நாடு முழுவதுமே ஒரு டெஸ்ட் சர்வராக இருந்தது. ஆடியவர்களின் கருத்தைக் கேட்க அதில் ஒரு வழி வைத்திருந்தால் எவ்வளவு பயனாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பி.ஜி.எம்.ஐ. வெளியானபோது, குறைந்தது 2 ஜிபி ரேம், ஆண்ட்ராய்டு 5.1.1 இருந்தால் போதும் என்று அறிவித்தார்கள். அந்தக் குறைந்தபட்சக் கைபேசி யாரிடம் இருக்கிறது? அப்பா ஐந்தாறு வருடம் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த போன், மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட போன், பேட்டரி உப்பிய போன். அந்தப் போனில் அப்டேட் ஓடுகிறதா என்று பார்க்க அதையே வைத்திருக்கிறவர் வேண்டும். குளிரூட்டிய அறையில், புதுப் போனில், நல்ல வைஃபையில் ஓடுவது, மே மாத மதுரையில் 40 டிகிரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஓடாது. சூடு ஏறினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம் பக்கம் நிற்கிறவரின் மொபைல் டேட்டா என்ன பாடு படும் என்பதை சியோலில் உட்கார்ந்து செயற்கையாக உருவாக்கிப் பார்ப்பது எளிதல்ல.

சர்வர் இருக்கும் தூரமும் ஒரு தடை. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். மதுரையிலிருந்து மும்பை நேர்கோட்டில் 1,200 கிலோமீட்டருக்குள். போய்வர 12 மில்லி செகண்டு போதும். சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர், 30 மில்லி செகண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரை 14,000 கிலோமீட்டருக்கு மேல். எந்த நெரிசலும் இல்லாவிட்டாலும் 140 மில்லி செகண்டுக்குக் குறையாது. நடைமுறையில் இவற்றைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலரண்டு என்ற விளையாட்டுக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது. ஆனால் அதன் சோதனைச் சர்வரை 2021-ல் தொடங்கியபோது வட அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு மட்டும், அதுவும் வாரக் கடைசியில் மட்டும் திறந்தார்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸின் சோதனைச் சர்வரும் அங்கேதான். நம் பிள்ளைகள் சோதனைக்கே வராதபோது, நம் போனில் வரும் பிழை அங்கே எப்படித் தெரியும்?

நம்மைத் தவிர வேறு யாராலும் காண முடியாத ஒரு பிழையைச் சொல்கிறேன். மைக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் பலகையைப் பாருங்கள். ‘ஆனையூர், மதுரை’ என்று எழுதியிருக்கிறேன். கைபேசி விளையாட்டுகளில் பெரும் பகுதி யூனிட்டி என்ற கருவியில் உருவாகிறது. அதில் எழுத்தைத் திரையில் காட்ட டெக்ஸ்ட் மெஷ் புரோ என்ற பகுதியைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு குறியீட்டுக்கு ஓர் உருவம், அடுத்த குறியீட்டுக்கு அடுத்த உருவம், அவ்வளவுதான். தமிழில் அப்படி இல்லை. ஐகார உயிர்மெய்யைக் கணினிக்குள் மெய் முதலில், ஐகாரக் குறி பின்னால் என்று சேமிக்கிறோம். திரையில் காட்டும்போது அந்தக் குறியை முன்னால் கொண்டுவர வேண்டும். எகரம், ஏகாரத்தின் கொம்புகளுக்கும் இதே கதை. ஒகரம், ஓகாரம் இன்னும் சிக்கல்: கொம்பு முன்னால், கால் பின்னால். ‘து’, ‘யூ’ போன்றவற்றில் இரண்டு குறியீடும் சேர்ந்து ஒரே உருவமாக மாற வேண்டும். இந்தக் கோத்துக் காட்டும் வேலையை அந்தக் கருவி நெடுங்காலமாகச் செய்யவில்லை.

அப்படியானால் நம் ஊர்ப் பெயர் என்ன ஆகும்? ‘ஆனையூர்’ என்பதில் ஐகாரக் குறி னகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘யூ’ இரண்டாக உடையும். ‘மதுரை’யில் ‘து’ உடையும், ‘ரை’ தலைகீழாகும். உருவாக்கியவர் கலிஃபோர்னியாவிலோ பெய்ஜிங்கிலோ இருந்தால், திரையில் ஏதோ வளைவு வளைவாகத் தெரிகிறது, தமிழ் வந்துவிட்டது என்று நினைத்துவிடுவார். நம் ஊரில் நான்காம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒரே பார்வையில் தப்பு என்று சொல்லிவிடும்.

பெயரின் நீளத்திலும் இதே சங்கடம். ‘ஆனையூர்’ நம் கணக்கில் 4 எழுத்து. யூனிகோடு கணக்கில் 7 குறியீடு. சேமிக்கப் பரவலாகப் பயன்படும் முறையில் 21 பைட். ஆட்டக்காரர் பெயருக்கு இத்தனை எழுத்து என்று வரம்பு வைக்கும் நிரலாளர் இந்த மூன்றில் எதை எண்ணினார்? பைட்டை எண்ணியிருந்தால், ஆங்கிலத்தில் முழுப் பெயரோடு ஊர்ப்பெயரும் வைக்கக்கூடிய இடத்தில் தமிழில் பாதிப் பெயர்தான் வைக்க முடியும். சில நேரம் எழுத்தின் நடுவில் வெட்டிப் புள்ளியைத் தின்றுவிடும். இது எதுவும் ஆங்கிலத்தில் ஆடுகிறவருக்கு ஒருநாளும் எதிர்ப்படாது. தமிழில் பெயர் வைத்துப் பார்க்கிற ஒரு பிள்ளை டெஸ்ட் சர்வரில் இருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், சோதனைக்குப் போகிறவர்கள் ஸ்டைல் எழுத்தில் ஆங்கிலப் பெயர் வைக்காமல் தமிழில் பெயர் வையுங்கள். சாட்டில் தமிழில் எழுதுங்கள்.

சரி, பிழையைக் கண்டாகிவிட்டது. எப்படிச் சொல்வது? நம் பிள்ளைகள் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: “அண்ணே, அப்டேட் வந்ததுல இருந்து கேம் செம லேக், சீக்கிரம் சரி பண்ணுங்க.” இதைப் படிக்கிற பொறியாளரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் அலட்சியமாக இருப்பதால் இல்லை. இதில் அவர் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

‘லேக்’ என்று நாம் ஒரே பெயரில் சொல்வது குறைந்தது மூன்று நோய்கள். முதலாவது, நெட்வொர்க் தாமதம். உங்கள் கை ஒழுங்காக நகரும், படமும் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் எதிரி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவுவான். நீங்கள் சுட்ட குண்டு தாமதமாகப் படும். மூலையில், சர்வருக்குப் போய்வரும் நேரத்தைக் காட்டும் பிங் எண் சிவப்பாக இருக்கும். இரண்டாவது, போனின் திணறல். பிங் நன்றாக இருக்கும், படம் மட்டும் தட்டுத் தடுமாறும். ஆடத் தொடங்கிய சிறிது நேரத்தில் வராது, போன் கொதித்த பிறகு வரும். மூன்றாவது, சர்வரின் திணறல். பிங்கும் சரி, படமும் சரி, ஆனால் கதவு திறக்க நேரமாகும், எடுத்த பொருள் பைக்குள் வராது, முக்கியமாக ஸ்குவாடில் இருக்கும் நான்கு பேருக்கும் ஒரே நொடியில் நடக்கும். முதலாவதை நெட்வொர்க் நிறுவனமும், இரண்டாவதை வரைகலைக் குழுவும், மூன்றாவதைச் சர்வர் குழுவும் பார்க்க வேண்டும். எந்த நோய் என்று நீங்கள் பிரித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

அதே பையன் இப்படி எழுதியிருந்தால்: “2 ஜிபி ரேம் போன், ஆண்ட்ராய்டு 10, மொபைல் டேட்டா. புது வரைபடத்தில் ஆற்றுப் பாலத்தில் ஜீப் ஓட்டிக்கொண்டு ஏறினால் படம் உறைகிறது. நடந்து ஏறினால் உறையவில்லை. பைக்கில் ஏறினாலும் உறையவில்லை. அப்போது பிங் சாதாரணமாக இருந்தது. 5 முறை செய்ததில் 4 முறை வந்தது. நிழல் அமைப்பை அணைத்துவிட்டால் வரவில்லை. வீடியோ இணைத்திருக்கிறேன்.” இதைப் படித்ததும் ஜீப், பாலம், நிழல் மூன்றும் சேருமிடத்தைப் பொறியாளர் திறந்து பார்ப்பார். “நடந்து ஏறினால் உறையவில்லை” என்ற வரிதான் இதில் பொன்னானது. எது நடக்கவில்லை என்று எழுதுவது எங்கள் தொழிலில் வருடக்கணக்கில் பழக வேண்டிய பாடம். பள்ளி அறிவியல் செய்முறை நோட்டில் நோக்கம், செய்முறை, காண்பவை, முடிவு என்று எழுதுகிறோமே, அந்தப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு இது கைவந்துவிடும். இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் இருக்கும் எல்காட் ஐ.டி. வளாகங்களில் இந்த வேலைக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதைப் பெற்றோருக்குச் சொல்லி வைக்கிறேன்.

சம்பளம் என்றதும் நேர்மையாகப் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. லாபம் சம்பாதிக்கும் நிறுவனத்துக்கு ஒரு பிள்ளை இலவசமாக உழைக்கலாமா? 1990-களில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கான தொண்டர்கள் அரட்டை அறைகளைக் கண்காணித்துக் கொடுத்தார்கள். நேரக் கணக்கும் வேலைப் பட்டியலும் வைத்து வாங்கிய உழைப்பு அது. 1999-ல் அவர்களில் சிலர் இது தொண்டல்ல, வேலை என்று வழக்குப் போட்டார்கள். பத்து ஆண்டுக்கு மேல் இழுத்து, 2010-ல் 1.5 கோடி டாலருக்கு அது சமரசமாக முடிந்தது. ஆசைக்கு ஆடிப் பார்த்து, கண்ணில் பட்டதை எழுதுவது ஒன்று. இத்தனை மணிக்கு வா, இத்தனை அறிக்கை கொடு என்று ஆணையிட ஆரம்பித்தால் அது வேலை. வேலைக்குக் கூலி உண்டு. அந்தக் கோட்டை நிறுவனங்கள் தாண்டுவதை நான் ஏற்க மாட்டேன். வைரமும் ஸ்கின்னும் கூலி ஆகாது.

கூலி இல்லாத இடத்திலும் மரியாதை தர வழி இருக்கிறது. மைன்கிராஃப்டைப் பாருங்கள். ஆட்டக்காரர்கள் எழுதும் ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண் கொடுத்து, எல்லோரும் பார்க்கும்படி வைக்கிறார்கள். திருத்திய பிறகு, அப்டேட் குறிப்பில் இன்ன எண் பிழை தீர்ந்தது என்று வெளியிடுகிறார்கள். நான் எழுதியதை ஒருவர் படித்தார், ஒருவர் திருத்தினார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிகிறது. பல நிறுவனங்களில் அறிக்கையை அனுப்பினால் ‘நன்றி’ என்று ஒரு தானியங்கிப் பதில், அத்தோடு சரி. அப்படிப்பட்ட டெஸ்ட் சர்வர் விளம்பரத்துக்காக நடக்கிறது. யூடியூபில் புது அப்டேட் வீடியோ பரவுவதுதான் அதன் பயன். இரண்டையும் பிரித்தறிந்து, பதில் சொல்கிற இடத்துக்கு உங்கள் நேரத்தைக் கொடுங்கள்.

பெற்றோர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். டெஸ்ட் சர்வருக்கு ஆசைப்படுகிற பிள்ளையின் அவசரத்தைப் பயன்படுத்தி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘அட்வான்ஸ் சர்வர் ஏபிகே’, ‘நுழைவுக் குறியீடு இலவசம்’ என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிற இணைப்புகளில் போலி ஆப்கள் கலந்திருக்கும். அவை ஐடியைத் திருடும், எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்டு, அப்பாவின் வங்கி ஓடிபியையும் எடுத்துவிடும். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ பிளே ஸ்டோரிலிருந்தோ வராத எதையும் நிறுவக் கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பிள்ளையை அடிப்பதற்கு முன் அந்த அழைப்பைச் செய்யுங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். ரம்மி போலப் பணம் கட்டி ஆடுகிறவை வேறு விஷயம். அதற்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது, 2025-ல் மத்திய அரசின் சட்டமும் வந்திருக்கிறது. இன்றைய பேச்சில் அதற்கு இடமில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு நிறுவனம் நமக்குச் சோதனைச் சர்வரைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புனேயின் சூப்பர்கேமிங் நிறுவனம் ‘இண்டஸ்’ விளையாட்டை 2023-ல் மூடிய பீட்டாவாக இந்திய ஆட்டக்காரர்களிடம் கொடுத்துச் சோதித்து, 2024 அக்டோபரில் வெளியிட்டது. இங்கேயும் கல்லூரிப் பிள்ளைகள் சின்னச் சின்ன விளையாட்டுகளை உருவாக்குகிறார்கள். அவர்களுக்கு ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபராகக் கணக்குத் தொடங்கியவர்கள் பிளே ஸ்டோரில் ஆப் வெளியிட வேண்டுமானால், முதலில் மூடிய சோதனை நடத்தியாக வேண்டும் என்று கூகுள் விதி வைத்தது. முதலில் 20 பேர், இப்போது 12 பேர், தொடர்ந்து 14 நாள் அதில் இணைந்திருக்க வேண்டும். தெரிந்தவர்களைக் கெஞ்சிச் சேர்த்தால் இரண்டு நாளில் ஆப்பை நீக்கிவிடுகிறார்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. இதற்கென்றே காசு வாங்கிக்கொண்டு ஆள் தருகிறவர்களிடம் போகிறார்கள். அந்த ஆட்கள் விளையாட்டைத் திறப்பதோடு சரி, ஒரு வரி எழுதுவதில்லை.

இந்தக் கூட்டத்திலேயே பன்னிரண்டு பேருக்கு மேல் இருக்கிறீர்கள். உண்மையாக ஆடி, தமிழில் அறிக்கை எழுதக்கூடிய ஒரு குழுவாகச் சேருங்கள். வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்: இருவர் தமிழ் எழுத்தை மட்டும் கவனிக்கட்டும், இருவர் மொபைல் டேட்டாவில் மட்டும் ஆடட்டும், விளையாட்டே தெரியாத பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும், எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அவர் தடுமாறும் இடம் வடிவமைப்பாளருக்குப் பெரிய செய்தி. 18 வயது ஆகாதவர்கள் வீட்டில் சொல்லிவிட்டு, படிப்பு நேரம் போக, அரை மணி நேரம் ஆடினால் போதும். அறிக்கை எழுதும் முறையை நான் வந்து சொல்லித் தருகிறேன். விளையாட்டை உருவாக்குகிறவரிடம் நாம் கேட்கப்போவது இரண்டே: ஒவ்வோர் அறிக்கைக்கும் ஒரு வரியாவது பதில், வெளியீட்டில் சோதித்தவர்களின் பெயர்.

கூட்டம் முடிந்ததும் நூலகர் மேசையில் ஒரு நோட்டு இருக்கும். பெயர் கொடுப்பவர்கள் போனின் மாடல், ரேம் அளவு, எந்த நெட்வொர்க், வீட்டில் சிக்னல் எப்படி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 2 ஜிபி ரேம் போன் வைத்திருப்பவர்கள் தயங்கிப் பின்னால் நிற்க வேண்டாம், முதலில் வாருங்கள்.